பொதுக் கருவும் தனிக் கருவிகளும்

தமிழிலக்கியம் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் கணினியின் உள்ளமைப்பைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பை அளிக்கலாம். ஏட்டுச் சுவடியும் பாடபேதமும் அவனுக்குரியவை. இயந்திரம் விஞ்ஞான ஆசிரியர்க்குரியது என்று அவர்கள் கருதவும் கூடும். ஆயினும், உழைப்பு எவ்வாறு பகிரப்படுகின்றது, அதனாற் பிறக்கும் அறிவு எவர் கையிலே தங்குகின்றது என்னும் வினாக்கள் எல்லாத் துறைகளிலும் எழுவன. இலக்கியம் பயின்றோர் அவ்வினாக்களை எழுப்பாது விடுவராயின், அவற்றுக்குரிய விடையைப் பொருள் படைத்தோரே எழுதிக்கொள்வர்.

நான் பணியாற்றும் பாடசாலையின் கணினிக் கூடம் சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருந்து வருகின்றது. வேறெவரும் முன்வராமையே அதற்குக் காரணம். அங்குள்ள கணினிகள் யாவும் பிறர் பயன்படுத்திக் கழித்தவை. வெவ்வேறு காலங்களிலே வெவ்வேறு நன்கொடையாளர் தந்தவை. விலை கொடுத்து உரிமம் பெறும் வசதி எமக்கில்லை. ஆதலால், அவை அனைத்தும் லினக்ஸ் என்னும் கட்டற்ற பணிசெயல் முறைமையிலேயே இயங்குகின்றன. சிலவற்றில் உபுண்டு, சிலவற்றில் ஓப்பன்சூசே. தந்தவர் எதனை இட்டுத் தந்தாரோ அதுவே நிலைத்துவிட்டது.

இக்கணினிகளுள் ஒன்று, மாணவர் அனைவரது கோப்புகளையும் சேமித்து வைப்பது. அது மாதத்தில் மூன்று நான்கு தடவை, திரை முழுவதும் எழுத்தும் எண்ணுமாகப் பரந்து, அசைவற்று நின்றுவிடும். உயர்தர வகுப்பு மாணவரின் செயற்றிட்ட அறிக்கைகள் பாதியிலே போய்விடும். வீட்டிலே கணினி இல்லாத பிள்ளைக்கு அது ஒரு வார உழைப்பு. திருத்துநரை அழைத்தோம். "சேர், இது பழசு. புதுசு ஒண்டு எடுங்கோ" என்றார் அவர். ஏழைப் பாடசாலைக்குக் கிடைக்கும் அறிவுரைகளுட் பெரும்பாலானவை இவ்வகையின.

என்னிடம் முன்னர் தமிழ் பயின்று, இன்று கொழும்பிலே மென்பொருட் பொறியியலாளனாக இருக்கும் இளைஞன் ஒருவன் விடுமுறையில் ஊர் வந்திருந்தான். அவனிடம் இதனைக் கூறினேன். "விழுறதுக்கு முதல் அது என்ன செய்து கொண்டிருந்தது எண்டு படி எடுத்துப் பாக்கலாம் சேர்" என்றான். படி எடுத்தல் என்னும் சொல் என்னை ஈர்த்தது. சுவடி ஆராய்ச்சியில் அது எமது சொல்லன்றோ?

கணினியின் பணிசெயல் முறைமைக்கு நடுவே அமைந்து, நினைவகத்தையும் வன்தட்டையும் வலையமைப்பையும் ஆள்கின்ற செய்நிரலைக் கேர்ணல் என்பர். கரு என்று தமிழிற் கூறலாம். மேலே இயங்கும் செய்நிரல் ஒன்று பிழைபடின், கரு அதனை அகற்றிவிட்டுத் தன் பணியைத் தொடரும். கருவே பிழைபடின் அதனைத் தாங்குவதற்கு மேலொன்றில்லை. இயந்திரம் முழுவதும் நிலைகுலைகின்றது. அவ்வேளையில் நினைவகத்திலே இருந்தவற்றை அப்படியே ஒரு கோப்பாக எழுதி வைத்தால், பின்னர் ஆறுதலாக இருந்து, எந்தச் செயற்பகுதி எதனை அழைத்தது, எவ்விடத்தில் வழுவியது என்று வாசித்தறிய முடியும். 1950களிலும் 60களிலும் நினைவகம் சிறு காந்த வளையங்களாற் கோக்கப்பட்டிருந்தது. அவ்வளையங்களுக்கு வழங்கிய கோர் என்னும் பெயர், வளையங்கள் மறைந்த பின்னரும் இந்நினைவகப் படிகளின் பெயரிலே ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

ஆனால் இதிலோர் இடர்ப்பாடு உண்டு. நிலைகுலைந்த கருவே தன் நினைவை எழுத வேண்டுமாயின், அதற்குரிய வன்தட்டுப் பகுதியும் வலையமைப்புப் பகுதியும் நலமாக இருத்தல் வேண்டும். அவையே பழுதுற்றிருப்பின் எழுதுவது எவ்வாறு? மயங்கி வீழ்ந்தவனையே மரண விசாரணை நடத்தச் சொல்வதை இது ஒக்கும். லினக்ஸ் கருவின் தொடக்க ஆண்டுகளில் இவ்விடர்ப்பாட்டை ஒவ்வொரு நிறுவனமும் தன் மனைக்குள்ளே இருந்து தீர்க்க முயன்றது. எஸ்.ஜி.ஐ. நிறுவனத்தார் 1999 அளவில் எல்.கே.சி.டி. என்பதனைத் தந்தனர். றெட் ஹற் நிறுவனம் வலையமைப்பின் வழியே படியை அனுப்பும் நெற்டம்ப் என்பதனை ஆக்கிற்று. புஜிற்சு பொறியியலாளர் வன்தட்டில் எழுதும் டிஸ்க்டம்ப் என்பதனைச் செய்தனர். மிஷன் கிறிற்றிக்கல் லினக்ஸ் என்னும் நிறுவனத்தாரிடம் எம்கோர் இருந்தது. ஒரே நோவுக்கு நான்கு வைத்தியர், நான்கு குளிசைகள். எல்.கே.சி.டி.யைப் பொதுக் கருவிலே சேர்க்குமாறு 2002இல் வேண்டுகோள் எழுந்தபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை ஏற்க மறுத்தார். அது விற்பனை நிறுவனங்களின் தேவையினாற் பிறந்தது. அதன் பயனை அந்நிறுவனங்களே முதலில் நிறுவிக் காட்டட்டும் என்பது அவரது நிலைப்பாடு.

தீர்வு வேறொரு திசையிலிருந்து வந்தது. எரிக் பீடர்மன் என்பார் கெக்செக் என்னும் ஒழுங்கினை ஆக்கியிருந்தார். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கரு, இயந்திரத்தை அணைக்காமலே இன்னொரு கருவிடம் ஆட்சியை ஒப்படைக்க அது வழி செய்தது. இதனை அடிப்படையாகக் கொண்டு, ஐ.பி.எம். நிறுவனத்திலே பணியாற்றிய விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் பீடர்மனுடன் சேர்ந்து கேடம்ப் என்பதனை உருவாக்கினர். கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு சிறு பகுதி ஒதுக்கப்படுகின்றது. அப்பகுதியிலே இரண்டாவது கரு ஒன்று முன்கூட்டியே ஏற்றி வைக்கப்படுகின்றது. முதற் கரு வீழும் கணத்தில் ஆட்சி இரண்டாவதன் கைக்கு மாறுகின்றது. அது தனக்குரிய சிறு நிலத்திலே நின்றுகொண்டு, வீழ்ந்ததன் நினைவகத்தை ஒரு கோப்பாகக் கண்டு, வன்தட்டிலோ வேறொரு கணினியிலோ படி எடுத்து வைக்கின்றது. 2005 ஆகஸ்டில் வெளிவந்த லினக்ஸ் 2.6.13 பதிப்பில் கெக்செக், கேடம்ப் இரண்டும் பொதுக் கருவின் உடைமையாயின.

அதன்பின் பொதுக் கருவிகளும் பெருகின. நினைவகம் முழுவதையும் எழுதினால் வன்தட்டு நிறைந்துவிடும். ஆகவே, வேண்டாத பக்கங்களைக் கழித்துச் சுருக்கும் மேக்டம்ப்ஃபைல் என்பதனை ஜப்பானின் என்.ஈ.சி. நிறுவனப் பொறியியலாளர் ஆக்கினர். வெற்றுப் பக்கங்களுக்கு 1, தற்காலிகச் சேமிப்பின் இரு வகைகளுக்கு 2, 4, பயனாளரின் தரவுகளுக்கு 8, ஒதுக்கப்படாத பக்கங்களுக்கு 16 என எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஐந்தையும் கூட்டி 31 என்று கட்டளையிட்டால் எல்லாம் கழிந்து, கருவுக்குரியவை மட்டும் எஞ்சும். எஞ்சியதை வாசிப்பதற்குப் பழைய யூனிக்ஸ் மரபிலிருந்து கிளைத்த கிறாஷ் என்னும் கருவி உண்டு. றெட் ஹற்றைச் சேர்ந்த டேவ் அண்டர்சன் அதனை நெடுங்காலம் பேணி வந்தார். ஐ.பி.எம்., என்.ஈ.சி., றெட் ஹற் ஆகியவை சந்தையிலே போட்டியிடும் முதலாளித்துவ நிறுவனங்கள். ஆயினும் அவற்றின் தொழிலாளர் தம் உழைப்பைப் பொது உரிமத்தின் கீழ் ஒரே களஞ்சியத்திற் கொட்டினர். உற்பத்தியின் சமூகத் தன்மை உடைமையின் தனித் தன்மையை எவ்வாறு மீறி நிற்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை வகுப்பிலே காட்டுவது அரிது.

இவ்வளவில் நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை எழுந்திராது. எமது கோப்புக் கணினி உபுண்டுவில் இயங்குவது. என் மாணவன் அதிலே கேடம்ப் ஒழுங்கினை அமைத்துச் சென்றான். இரு கிழமைகளின் பின் அது வீழ்ந்தபோது படியும் கிடைத்தது. கொழும்பிலிருந்தே அவன் அதனை வாசித்து, வலையமைப்பு அட்டையை இயக்கும் செய்நிரற் பகுதியே காரணம் என்று கண்டான். கருவின் புதிய பதிப்பில் அவ்வழு முன்னரே திருத்தப்பட்டிருந்தது. மாற்றினோம், கணினி நிலைபெற்றது. செலவு எதுவுமில்லை. மகிழ்ச்சி மேலிட, அவன் செய்த முறையைத் தமிழிலே ஒரு பக்கத்தில் எழுதி, இதே தொல்லையை அனுபவித்த அயற் பாடசாலை ஆசிரியருக்கு அனுப்பினேன். அவரது கணினி பெடோராவில் இயங்குவது. என் தாள் அவருக்கு ஒரு வரியேனும் பயன்படவில்லை.

காரணத்தை ஆராய்ந்தபோது நான் கண்டது இது. கரு ஒன்றே, படியைச் சுருக்கும் கருவி ஒன்றே, வாசிக்கும் கருவியும் ஒன்றே. ஆனால் இவற்றை ஒன்றிணைத்து, இன்ன இடத்தில் எழுது, இவ்வளவு நினைவகம் ஒதுக்கு, இன்ன கணினிக்கு அனுப்பு என்று ஆணையிடும் இடைப் பகுதியை ஒவ்வொரு வழங்கலும் தனித்தனியே எழுதி வைத்திருக்கின்றது. டெபியனும் உபுண்டுவும் கேடம்ப்-ரூல்ஸ் என்ற பொதியைக் கொண்டுள்ளன. றெட் ஹற்றும் பெடோராவும் கேடம்ப்சிற்றிஎல் என்ற கட்டளையைக் கொண்டுள்ளன. சூசேயிடம் கேடம்ப் என்ற பெயரிலேயே இன்னொரு பொதி உண்டு. அமைப்புக் கோப்பு இருக்குமிடம் வேறு, அதில் எழுதப்படும் சொற்கள் வேறு. இதிலொரு விந்தை யாதெனில், மூன்றும் படியைக் கொண்டுபோய் வைக்கும் அடைவு, இயல்பான அமைப்பில், ஒன்றே! அவ்வடைவினுள்ளே ஒன்று கணினியின் முகவரியுடன் நாளைச் சேர்த்துப் பெயரிடுகின்றது. ஒன்று நாளையும் நேரத்தையும் இடைவெளியின்றி எண்களாக அடுக்குகின்றது. ஒன்று கோடிட்டுப் பிரிக்கின்றது. ஒரே கிணற்றுக்கு மூன்று வேலிகளும் மூன்று படலைகளும் இட்டது போன்ற நிலை இது.

இதனை எவரது தீய எண்ணமாகவும் நான் கருதவில்லை. இரண்டாவது கரு எழும்போது அதற்குத் துணையாக ஒரு சிறு கோப்பு முறைமை வேண்டும். அதனைக் கட்டும் முறை வழங்கலுக்கு வழங்கல் வேறாக இருந்தது. றெட் ஹற் வழியினர் ட்றேக்கட் என்பதனைப் பயன்படுத்தினர். டெபியன் வழியினர் இனிற்ராம்எஃப்எஸ்-ரூல்ஸ் என்பதனைக் கொண்டனர். அடித்தளம் வேறானமையால் மேற்கட்டும் வேறாயிற்று. ஆயினும் பொருளாதாரக் காரணம் ஒன்றும் உண்டு. பெருநிறுவனம் ஒன்று ஆதரவு ஒப்பந்தத்தை விற்கின்றது. வாடிக்கையாளனின் கணினி வீழ்ந்தால் படியைப் பெற்று வாசித்துத் தீர்ப்பதே அவ்வொப்பந்தத்தின் சாரம். ஆதலால், தன் வாடிக்கையாளனிடம் அது இயங்குகின்றதா என்பதிலேயே அதன் கவனம் நிற்கும். பிறனுடைய வழங்கலிலும் இயங்க வேண்டும் என்பதற்கு ஊதியம் கொடுப்பார் எவருமில்லை.

நினைவகத்தில் எவ்வளவை ஒதுக்குவது என்பதைக் கருவே கணித்துக்கொள்ளும் வழியொன்றை றெட் ஹற் தன் வழங்கலிற் சேர்த்திருந்தது. அது பொதுக் கருவில் ஏற்கப்படவில்லை. 2022இல் வெளிவந்த 9ஆம் பதிப்பில் அந்நிறுவனமே அதனைக் கைவிட்டது. இத்தனைக்கும், அவ்வளவு சரியாக அமையாவிடின் இரண்டாவது கரு எழவே மாட்டாது. இதிலே வறியோர்க்குரிய துன்பமும் ஒன்றுண்டு. 64 கிகாபைட் நினைவகமுள்ள கணினியில் 256 மெகாபைட்டை ஒதுக்குவது பொருட்டன்று. எமது கூடத்திலுள்ள 2 கிகாபைட் கணினியிலோ அது எட்டிலொரு பங்கு. எட்டுப் பரப்புக் காணியுள்ளவன், என்றோ வரக்கூடிய விபத்துக்கென ஒரு பரப்பைத் தரிசாக விடுவதை ஒக்கும் இது. சிறிய கணினிக்கு எவ்வளவு போதும் என்பதைப் பெருநிறுவனத்தின் பரிசோதனைக் கூடம் தானாக முன்வந்து ஆராயாது. அதனை ஆராய வேண்டியவர் சிறிய கணினி உடையோரே. அவர்களோ, ஒருவர் கண்டது மற்றவர்க்குப் பயன்படாதவாறு, வழங்கல்களாகப் பிரிந்து கிடக்கின்றனர்.

"பன்மை நன்றன்றோ? எல்லோரையும் ஓர் அச்சில் வார்ப்பது முற்போக்கா?" என்று ஒரு நண்பர் என்னிடம் வினவினார். நல்ல வினா. பெரும்பான்மையின் ஒருமையைச் சிறுபான்மையின் மேல் திணிக்கும் முயற்சிகளைக் கண்ட நாட்டிலே வாழும் நாம் அதனை அலட்சியம் செய்தல் தகாது. இதற்கு விடை எமது துறையிலேயே இருக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றியவருள் முன்னோடி. வீரசோழியம் 1881இலும் கலித்தொகை 1887இலும் அவரது உழைப்பால் வெளிவந்தன. ஏடுகள் மடங்களிலும் வீடுகளிலும் சிதறிக் கிடந்தன. ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒவ்வொரு சிதைவு, ஒவ்வொரு பாடம். ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றை எரித்துவிடுவது பதிப்பாசிரியன் பணியாகாது. பல ஏடுகளை ஒப்பு நோக்கி, பொதுவான மூலத்தை நிறுவி, வேறுபாடுகளைப் பாடபேதமாக அடியிலே காட்டுவதே அவன் முறை. அவ்வாறு செய்தமையாலேயே ஓரிடத்தில் ஒருவன் கண்ட திருத்தம் தமிழர் அனைவர்க்கும் உரியதாயிற்று.

கேடம்ப் கருவிகளுக்கும் வேண்டுவது இத்தகைய பதிப்பு முறையே. நினைவகம் ஒதுக்குதல், படி எடுத்தல், சேருமிடம் தெரிதல், எடுத்தது முழுமையானதா எனச் சோதித்தல் ஆகியவை மூலம். பொதியின் பெயர், தொடக்க ஏற்றியின் அமைப்பு, பழைய வாடிக்கையாளரின் வழக்கங்கள் ஆகியவை பாடபேதம். மூலத்தைப் பொதுவில் வைத்து, பேதத்தைச் சிறு இணைப்பாக அமைத்தால் எவரது தனித்தன்மையும் அழிவதில்லை. மூன்று வழங்கல்களில் மூன்று தடவை கண்டுபிடிக்கப்படும் ஒரே வழு ஒரு தடவையிலே தீரும். மூன்று மொழிகளில் எழுத வேண்டிய விளக்கத் தாளை மூன்று வழங்கல்களுக்காகப் பெருக்கி ஒன்பதாக எழுத வேண்டிய நிலையும் எமக்கு நீங்கும்.

இது கற்பனையான எதிர்பார்ப்பன்று. றெட் ஹற் வட்டத்திலே தோன்றிய ட்றேக்கட்டைச் சூசேயும் ஏற்றுக்கொண்டது. உபுண்டுவும் 2025 ஒக்டோபர்ப் பதிப்பில் அதன் பக்கம் வந்தது. அடித்தளம் ஒன்றாகுமாயின் மேற்கட்டை ஒன்றாக்குவதற்கு இருந்த பெருந்தடை அகன்றுவிடும். படியை வாசிப்பதற்கு, வீழ்ந்த கருவுக்குச் சரியாகப் பொருந்தும் குறியீட்டுத் தகவல் வேண்டும். முன்னர் அதனை ஒவ்வொரு வழங்கலின் களஞ்சியத்திலும் தேடித் திரிய வேண்டியிருந்தது. 2019இல் வெளிவந்த டிபக்இன்ஃபோடி என்னும் பொது ஒழுங்கைப் பெடோரா, டெபியன், உபுண்டு, ஓப்பன்சூசே, ஆர்ச் ஆகிய எல்லாம் இன்று கைக்கொள்கின்றன. நிலைகுலைவின் படியை எடுக்கும் ஒழுங்கு, போதிய வளமுள்ள கணினிகளில், 2024 ஒக்டோபரில் வெளிவந்த உபுண்டுப் பதிப்பு முதல் இயல்பாகவே அமைகின்றது. சிலர் முன்னரே கூடிச் செயற்பட்ட இடங்களில் வெற்றி கிடைத்திருக்கின்றது. எஞ்சியிருப்பது இடைப் பகுதி ஒன்றே.

எனினும் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பொதுவாக்க வேண்டியது கருவியே, படியிலுள்ள உள்ளடக்கமன்று. வீழ்ந்த கணினியின் நினைவகத்திலே மாணவியின் கடிதம் இருக்கலாம், ஆசிரியரின் கடவுச்சொல் இருக்கலாம், வைத்தியசாலையாயின் நோயாளியின் குறிப்பு இருக்கலாம். பயனாளர் தரவுகளைக் கழிக்கும் எண்ணைச் சேர்த்தாலும், கருவின் சொந்தப் பக்கங்களிலே இரகசியங்கள் எஞ்சக்கூடும். வழுவை அறிவதற்காக நிறுவனம் ஒன்றுக்குப் படியை அனுப்புபவன் எதனை அனுப்புகின்றான் என்பதை அறிந்திருத்தல் அவனது உரிமை. வாசிக்கும் அறிவு எமது கையில் இல்லாதவரை, எமது நினைவகத்தைப் பிறரிடம் கொடுத்து விடைக்குக் காத்திருப்பதே எமக்குரிய வழியாகிவிடும். கருவி பொதுவாகவும் விளக்கம் எமது மொழியிலும் அமையுமாயின், படியை வீட்டை விட்டு வெளியே அனுப்பாமலே வாசிக்க முடியும். ஆகவே, கருவியைப் பொதுவாக்குவதும் தனிமனிதனின் இரகசியத்தைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முன்னதே பின்னதற்குக் காவல்.

பொது உடைமை என்பது ஒரு தடவை பெற்றுவிட்டால் என்றும் நிலைத்திருக்கும் என எண்ணுவதும் தவறு. கேடம்ப்பை ஆக்கியோருக்கு ஊதியமளித்த ஐ.பி.எம்., 2019இல் 34 பில்லியன் டொலர் கொடுத்து றெட் ஹற்றையே வாங்கிற்று. 2023இல் றெட் ஹற் தன் வணிக வழங்கலின் முழு மூலநிரலையும் பொதுவில் வெளியிடுவதை நிறுத்தி, தன் வாடிக்கையாளர்க்கே அதனை வரையறுத்தது. கூட்டுழைப்பில் விளைந்த வயலுக்கு வேலி வருவது இவ்வாறே. கருவிகள் பல வழங்கல்களின் கூட்டுப் பராமரிப்பில் இருக்குமாயின், எந்த ஒரு வாயிலை எவர் மூடினாலும் பணி தடைப்படாது.

இதிலே ஆசிரியருக்கும் மாணவருக்கும் என்ன பங்கு என்று கேட்கலாம். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜோன் லயன்ஸ் 1976இல் யூனிக்ஸின் மூலநிரலுக்கு, எமது உரையாசிரியர் நூற்பா நூற்பாவாக உரை கூறியதைப் போன்று, விரிவானதோர் உரை எழுதினார். மாணவருக்குப் பாடமாக அமைந்தது அது. பின்னர், உரிமையாளரான நிறுவனம் வகுப்பறையில் மூலநிரலைக் கற்பிப்பதற்கே தடை விதித்தது. உலகெங்கும் மாணவர் அந்நூலைப் பிரதியெடுத்து, பிரதியிலிருந்து மறுபிரதி எடுத்துக் கைமாற்றினர். முறையாக அச்சில் வெளிவர 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. இருபது ஆண்டுகள் அவ்வறிவைக் காத்தவை பெயரறியா மாணவரின் கைகள்.

எமக்கு அத்தகைய தடை எதுவும் இன்றில்லை. மூலநிரல் திறந்தே இருக்கின்றது. கழித்தெறியப்பட்ட கணினிகளும் எம்மிடம் ஏராளம். ஆகவே நிலைகுலைவுகளுக்கும் பஞ்சமில்லை. எந்தச் சிறு கணினிக்கு எவ்வளவு நினைவகம் போதுமென்று அளந்து குறிக்கலாம். ஒரு வழங்கலிற் கண்ட குறையை அதனோடு நிறுத்தாமல், பொதுவான மூலத்தைப் பேணுவோர்க்கு அறிவிக்கலாம். விளக்கங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதலாம். எழுதும்போது மூலம் இது, பேதம் இது என்று பிரித்தெழுதலாம். அயற் பாடசாலையின் கணினி எந்த வழங்கலில் இயங்கினாலும், அது ஏன் வீழ்ந்தது என்பதை அங்குள்ள பிள்ளையே வாசித்துக் கூறும் நாள் வரவேண்டும். அந்நாளைக் கொண்டுவரும் வேலை பெரிதன்று. பலர் சேர்ந்து செய்தாலன்றி முடிவதுமன்று.